குண்டூசியும் 24 மணி நேரமும்: டோரேமான் படங்களின் புதையல் வேட்டைகள்

எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோ பூனை டோரேமானின் பாக்கெட்டில் ஒரு புதையல் வரைபடம் இருக்கிறது. பார்த்தால் சாதாரண உலக வரைபடம்தான். அதில் எங்காவது குண்டூசியால் குத்த வேண்டும். குத்திய இடத்தில் புதையல் இருந்தால் வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும். 1998-ல் வந்த 'நொபிதாவின் தென்கடல் சாகசம்' இந்த வரைபடத்தில்தான் தொடங்குகிறது. 20 ஆண்டு கழித்து வந்த 'நொபிதாவின் புதையல் தீவு' படத்திலும் பிள்ளைகளைக் கடலுக்கு இழுப்பது ஒரு புதையல் வரைபடமே. வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று டோரேமான் முதலிலேயே எச்சரிக்கிறது. அதனோடு வாழும் பள்ளிச் சிறுவன் நொபிதா கேட்பதாக இல்லை. குத்திக்கொண்டே இருக்கிறான்.

எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வரைபடம் ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே வரைபடத்தில் ஒரு மி.மீ. என்பது நிலநடுக்கோட்டுப் பக்கம் 40 கி.மீ. ஊசி முனையின் தடம் அரை மி.மீ. என்றால் ஒரு குத்து 20-க்கு 20 கி.மீ. சதுரம் ஒன்றை அடைக்கும். வரைபடம் முழுக்கக் குத்தி முடிக்க 20 லட்சம் குத்து வேண்டும். நொடிக்கு ஒன்று வீதம் தூங்காமல் குத்தினால் 23 நாள். உலகில் ஆயிரம் இடங்களில் புதையல் இருந்தால் சராசரியாக 2,000 குத்துக்கு ஒன்று விழும், அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பத்தே இடம்தான் என்றால் 2 லட்சம் குத்து, இரண்டு நாளுக்கு மேல் விழித்திருக்க வேண்டும். டோரேமான் அவ்வளவு தயங்குவதைப் பார்த்தால், அந்த வரைபடம் எதையெல்லாம் புதையல் என்று ஒத்துக்கொள்கிறதோ அது உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது போலும்.

ஊசி சரியான இடத்தில் விழுந்துவிட்டது, அப்புறம்? கையில் கிடைப்பது 400 சதுர கி.மீ. கடல். மூழ்கிய கப்பலைத் தேடுபவர்கள் இரும்பை உணரும் காந்தமானியைப் படகுக்குப் பின்னால் கட்டி இழுத்து, வயலில் ஏர் ஓட்டுவதுபோல் வரிவரியாகப் போய் வருவார்கள். வரிக்கு வரி 30 மீட்டர் இடைவெளி விட்டால் அந்தச் சதுரத்துக்கு 667 வரி, மொத்தம் 13,000 கி.மீ.க்கு மேல். மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் இழுத்தால் 1,900 மணி நேரம். இடைவிடாமல் ஓட்டினாலும் 80 நாள் ஆகும், கோடை விடுமுறை போதாது. இரண்டு படங்களும் மூழ்கிய கப்பலைத் தேடாமல் தீவைத் தேடுவது அதனால் நல்ல முடிவு. 200 மீட்டர் உயரக் குன்று ஒன்று தீவில் இருந்தால், பத்து மீட்டர் உயரப் பாய்மரத்தில் ஏறி நிற்பவன் கண்ணுக்கு, வானம் தெளிவாக இருந்தால், 60 கி.மீ. தூரத்திலிருந்தே அது தெரியும். ஊசி காட்டிய சதுரம் அதற்குள் அடக்கம்.

டோரேமான் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மாதிரி இடங்கள்தான். எதையும் செய்யும் கேட்ஜெட்டுகள் நிறைந்த பாக்கெட் இருக்கும்போது புதையல் வேட்டையில் என்ன சுவாரசியம் இருக்க முடியும்? எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாமே. டோரேமானைப் படைத்த ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ இதற்குக் கண்டுபிடித்த வழி, ஒவ்வொரு கேட்ஜெட்டுக்கும் ஒரு வரம்பு வைத்து, அதை முதலிலேயே சொல்லிவிட்டு, பின்னால் அந்த வரம்பு முடியும் இடத்தில் கதையைக் கொண்டுபோய் நிறுத்துவது. நல்ல புதையல் கதையா இல்லையா என்பதை அந்த வரம்பைப் படம் எவ்வளவு நேர்மையாக நடத்துகிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

தலையில் மாட்டிப் பறக்கும் பேம்பூ காப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படமான 'நொபிதாவின் டைனோசர்' (1980) அதற்கு எண் கொடுத்துவிட்டது: மணிக்கு 80 கி.மீ. வேகம், தொடர்ந்து ஓட்டினால் 8 மணி நேரம். பெருக்கினால் 640 கி.மீ. டோக்கியோவிலிருந்து தெற்கே ஒகசவாரா தீவுகளின் சிச்சிஜிமா சுமார் 1,000 கி.மீ. நடுக்கடலில் பேட்டரி தீர்ந்துபோகும். இன்றும் அந்தத் தீவுக்கு விமான நிலையம் கிடையாது. டோக்கியோ துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பலில் 24 மணி நேரம் உட்கார்ந்துதான் போக வேண்டும். தென்கடலில் தீவு தேடும் கதையில் பிள்ளைகள் கப்பலேறுவது வெறும் அழகுக்காக அல்ல. நினைத்த இடத்துக்குத் திறக்கும் எனிவேர் டோர் என்ற கதவு இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்குள் ஒரு வரைபடம் பதிந்திருக்கிறது, அந்த வரைபடத்தில் இல்லாத இடத்துக்கு அந்தக் கதவு திறக்காது. புதையல் தீவு என்பதே வரைபடத்தில் இல்லாத தீவுதானே.

வரைபடத்தில் இல்லாத இடம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்ற கேள்வியையும் ஃபுஜிகோ விட்டுவைக்கவில்லை. 1982 படத்தில் பிள்ளைகள் சொந்தமாக ஒரு செயற்கைக்கோளையே ஏவி, ஆப்பிரிக்காவை மேலிருந்து படம் எடுத்து, குவிந்த புகைப்படங்களை அறையெல்லாம் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். அவர்கள் தேடும் காடு எப்போதும் மேகம் மூடிக்கிடப்பது. வகுப்பில் முதலாவதாக வரும் டெகிசுகிதான் அதை விளக்குகிறான். மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது சாதாரண கேமராவுக்குத் தெரியாது. சரியான காரணம். இன்றைக்கும் நிலநடுக்கோட்டுக் காடுகளைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களுக்கு மேகம்தான் பெரிய தொல்லை.

இப்போது 1983-க்கு வருவோம். அந்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்த 'கைத்தேய் கிகன்ஜோ' (கடலடிப் பூதப்பாறைக் கோட்டை) என் கணக்கில் இந்தத் தொடரின் மிகச் சிறந்த கடல் படம். இயக்கியவர் ட்சுத்தோமு ஷிபாயாமா. கதை தொடங்குவது சாதாரணச் சண்டையில்: கோடை முகாமுக்கு மலைக்குப் போவதா, கடலுக்குப் போவதா? இரண்டுக்கும் போகலாம், கடலுக்கு அடியிலேயே மலைகள் இருக்கின்றனவே என்று டோரேமான் வழி சொல்கிறது. மூழ்கிய கப்பல் ஒன்றைப் பற்றிய செய்தி வருகிறது. கப்பலில் பொக்கிஷம். நொபிதாவின் நண்பர்கள் ஜியானுக்கும் சுனியோவுக்கும் அது போதும்.

கடலுக்குள் இறங்க டோரேமான் பயன்படுத்துவது 'தெக்கியோ விளக்கு'. துப்பாக்கிபோல் இருக்கும். அதன் ஒளியை உடம்பில் பாய்ச்சினால் எந்தச் சூழலிலும் வாழலாம். நீருக்குள் மூச்சு விடலாம், அழுத்தம் தாக்காது, குளிர் தெரியாது, இருட்டும் தெரியாது. 24 மணி நேரத்துக்கு மட்டும். நேரம் முடிவதற்குள் மறுபடி பாய்ச்சிக்கொள்ள வேண்டும். விளக்கு டோரேமானிடம் இருக்கிறது.

ஜியானும் சுனியோவும் மற்றவர்கள் தூங்கும்போது நீர்வண்டியை எடுத்துக்கொண்டு கப்பலைத் தேடிக் கிளம்புகிறார்கள். வண்டி பேசும், யோசிக்கும், ஆனால் மனிதர்கள்மேல் அதற்குப் பெரிய அக்கறை கிடையாது. இருவரும் விளக்கை எடுத்துப் போகவில்லை. எத்தனை மணிக்கு ஒளி பாய்ச்சினார்கள் என்ற கணக்கும் அவர்கள் தலையில் இல்லை. வண்டிக்கு இது தெரியும். ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை, அதனால் அதுவும் சொல்லவில்லை. குழந்தைகள் படத்தில் இப்படி ஒரு காட்சியை வைத்ததற்கே எழுந்து நின்று கைதட்ட வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஒரு இயந்திரம், கேட்கத் தெரியாத இரண்டு சிறுவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். வில்லனே தேவையில்லை.

அந்த ஆழத்தில் விளக்கின் சக்தி தீர்ந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்பது படத்தைப் பார்க்கும் பெரியவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 4,000 மீட்டரில் 400 மடங்கு. மரியானா அகழியின் அடியில், சுமார் 10,900 மீட்டரில், ஆயிரத்தைத் தாண்டும். 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சம் மங்கி, 1,000 மீட்டருக்குக் கீழே சூரியன் என்ற ஒன்றே இல்லை. தண்ணீரின் வெப்பம் 2 முதல் 4 டிகிரி. விளக்கு இந்த நான்கையும் ஒருசேரத் தடுத்துக்கொண்டிருக்கிறது. தீரும்போது நான்கும் ஒருசேர வரும். முங்குநீச்சல்காரருக்குச் சிலிண்டரில் காற்று குறையும்போது மானி காட்டும், மேலே ஏற நேரம் கிடைக்கும். தெக்கியோ விளக்கில் அப்படி எச்சரிக்கை எதுவும் இல்லை. 23 மணி 59 நிமிடம் வரை எல்லாம் சுகமாக இருக்கும். கருவி எந்த அளவுக்கு வசதியாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அது தீரப்போவது மறந்துபோகும். கடலில் இறங்குகிறவர்கள் காற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருப்பது இந்த மறதிக்குப் பயந்துதான்.

கதை ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு அச்சுத்தொழில் சார்ந்த காரணமும் உண்டு. அந்தக் காலத்து டோரேமான் நெடுங்கதைகளை ஃபுஜிகோ முதலில் 'கொரோகொரோ காமிக்' மாத இதழில் தொடராக வரைவார். தொடர் வளர்ந்துகொண்டிருக்கும்போதே படமும் தயாராகும். மாதம் ஒரு பகுதி என்றால் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பிள்ளைகள் ஏதோ ஒன்றில் மாட்டியிருக்க வேண்டும். விளக்கின் 24 மணி நேரம், பேட்டரியின் 8 மணி நேரம் போன்ற எண்கள் அதற்கு மிகவும் வாகானவை. முதல் பகுதியில் எண்ணைச் சொல்லிவிட்டால் அடுத்த பகுதி வரும்வரை வாசகரே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் படம் வெளிவந்த நேரத்தில் ஃபுளோரிடாவுக்குத் தெற்கே உண்மையிலேயே ஒரு பொக்கிஷக் கப்பலைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 'நுவெஸ்த்ரா செஞோரா தெ அட்டோச்சா' என்ற ஸ்பானியக் கப்பல் 1622 செப்டம்பரில் புயலில் மூழ்கியது. அதிலிருந்த 265 பேரில் பிழைத்தது ஐந்து பேர். மெல் ஃபிஷர் என்பவர் 1969-ல் தேடத் தொடங்கினார். தொடக்கத்தில் தேடியது தவறான இடத்தில். பழைய ஆவணங்களில் இருந்த தீவுப் பெயரை நம்பி மாட்டகும்பே பக்கம் காந்தமானியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். யூஜின் லயன் என்ற வரலாற்றாய்வாளர் ஸ்பெயினின் செவில் நகர ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, கப்பல் கிடப்பது அங்கிருந்து வெகுதூரம் மேற்கே உள்ள மார்க்கெசாஸ் தீவுகளுக்கு அருகில் என்று கண்டுபிடித்துச் சொன்னார். வேட்டையின் திருப்பம் கடலில் நடக்கவில்லை, காகிதத்தில் நடந்தது.

இடம் சரியான பிறகும் கப்பல் கிடைக்கவில்லை. முதல் புயலுக்குச் சில வாரம் கழித்து அடித்த இரண்டாவது புயல் கப்பலின் மேற்பகுதியைப் பிய்த்துப் பல கி.மீ. தூரத்துக்கு இறைத்துவிட்டது. மிச்சத்தை மணல் மூடிவிட்டது. மணலை விலக்க ஃபிஷர் குழு, படகின் சுழலிகளுக்குப் பின்னால் முழங்கைபோல் வளைந்த பெரிய குழாய்களை இறக்கியது. நங்கூரம் பாய்ச்சி நின்றபடி இயந்திரத்தை முடுக்கினால், சுழலி தள்ளும் தண்ணீர் பின்னால் போகாமல் கீழே பாய்ந்து மணலில் பள்ளம் தோண்டும். 1973-ல் கிடைத்த வெள்ளிக் கட்டிகளின் எண்கள் செவில் சரக்குப் பட்டியலோடு ஒத்துப்போயின. 1975-ல் வெண்கலப் பீரங்கிகள் கிடைத்தன. பொக்கிஷத்தின் பெரும்பகுதி கிடந்த மூலக்குவியல் கிடைத்தது 1985 ஜூலை 20-ல்தான், அதுவும் சுமார் 17 மீட்டர் ஆழத்தில். மணலுக்குள்ளே பார்க்கத் தெரியாத கருவியை வைத்துக்கொண்டு 10,000 மீட்டர் ஆழம் போய் என்ன பயன்? தெக்கியோ விளக்கு உங்களைக் கப்பல் இருக்கும் இடத்தில் உயிரோடு நிறுத்தும், கப்பலைக் காட்டாது. ஜியானும் சுனியோவும் தவறவிட்டது இந்த வேறுபாட்டைத்தான்.

1983 படம் இதற்கப்பால் புதையலை அப்படியே கீழே போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. கடலடியில் மூ என்ற நாடு இருக்கிறது. அழிந்துபோன அட்லாண்டிஸ் விட்டுச்சென்ற 'போசெய்டன்' என்ற கணினி பெர்முடா முக்கோணத்தில் இன்னும் விழித்திருக்கிறது. யாராவது தாக்கினால் உலகத்தையே அழிக்கும் ஏவுகணைகளைத் தானாக ஏவுவது அதன் வேலை. ஆண்டவர்கள் யாரும் உயிரோடு இல்லை, கட்டளை மட்டும் உயிரோடு இருக்கிறது. அருகே கடலடி எரிமலை குமுறுகிறது, கணினி அதை எதிரியின் தாக்குதல் என்று எடுத்துக்கொள்கிறது. மார்ச்சில் படம் வந்தது. அதே 1983-ன் செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கை அமைப்பு, மேகத்தின்மேல் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை அமெரிக்க ஏவுகணைகள் என்று காட்டியது. பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதை நம்ப மறுத்து, பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய கதை ஆறு மாதம் முந்திக்கொண்டது.

1998-ன் 'தென்கடல் சாகசம்' வேறு சூழலில் பிறந்த படம். ஃபுஜிகோ 1996 செப்டம்பரில் காலமானார். அடுத்த ஆண்டுப் படத்தின் கதையை அவர் பாதியிலாவது வரைந்திருந்தார். இந்தப் படத்துக்கு அவர் கை இல்லை, அவரிடம் வேலை பழகியவர்கள் செய்தார்கள். அந்தப் பதற்றம் நல்லதாகவே வேலை செய்திருக்கிறது. ஆசிரியரின் விதிகளை மீறிவிடக் கூடாது என்ற கவனம் படம் முழுக்கத் தெரிகிறது. வரைபடத்தில் ஊசி விழுகிறது, கப்பல் கிளம்புகிறது, காலவெளியில் ஏற்பட்ட கலக்கத்தில் சிக்கி 17-ம் நூற்றாண்டுக் கரீபியக் கடலில் போய் விழுகிறார்கள். நொபிதா தனியே ஒரு தீவில் ஒதுங்குகிறான், மற்றவர்கள் கடற்கொள்ளையர் கப்பலில். டோரேமானின் கேட்ஜெட்டுகளில் பெரும்பாலானவை போய்விடுகின்றன. வரம்பைச் சொல்லி நடத்துவதற்குப் பதிலாகப் பாக்கெட்டையே காலி செய்வது கொஞ்சம் முரட்டு வழி. ஆனால் நொபிதா தனித்து விடப்படும் பகுதி அதனால்தான் நன்றாக வருகிறது. துணைக்கு ஜாக் என்ற சிறுவன் மட்டும்.

அந்தக் கடற்கொள்ளையர்களின் தலைவர் கேப்டன் கிட். இந்தப் பெயரைத் தேர்ந்ததில் அர்த்தம் இருக்கிறது. கடற்கொள்ளையர் புதையலைப் புதைத்தார்கள் என்பது பெரும்பாலும் கதைதான், கிடைத்ததைத் துறைமுகத்தில் செலவழித்துத் தீர்த்தவர்களே அதிகம். உண்மையில் புதைத்ததற்கு ஆவணம் உள்ளவர் வில்லியம் கிட். 1699-ல் நியூயார்க்குக்குக் கிழக்கே கார்டினர்ஸ் தீவில் புதைத்தார். அது நெடுநாள் புதைந்து கிடக்கவில்லை. ஆளுநர் ஆள் அனுப்பித் தோண்டி எடுத்து, அவருக்கு எதிரான சாட்சியமாக லண்டனுக்கு அனுப்பிவைத்தார். 1701 மே 23 அன்று தேம்ஸ் ஆற்றங்கரையில் தூக்கிலிட்டார்கள். முதல் கயிறு அறுந்துபோக, இரண்டாவது கயிற்றில்.

படம் கிட்டைக் கரீபியக் கடலில் வைக்கிறது. வரலாற்றில் அவரைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோன கப்பல் பிடிபட்டது நம் பக்கத்துக் கடலில். 1698 ஜனவரி 30 அன்று மலபார்க் கரையோரம், கொச்சிக்கு அருகே, 'குவேடா மெர்ச்சன்ட்' என்ற சரக்குக் கப்பலைப் பிடித்தார். பட்டு, மஸ்லின், சர்க்கரை, வெடியுப்பு என்று பெரும் சரக்கு. கப்பலில் பிரெஞ்சு அனுமதிச்சீட்டுகள் இருந்ததால் அதைப் பிடிக்கத் தனக்கு உரிமை உண்டு என்பது கிட்டின் வாதம். விசாரணையின்போது அந்தச் சீட்டுகளைக் காணவில்லை. 20-ம் நூற்றாண்டில் லண்டன் ஆவணக் காப்பகத்தில் அவை கிடைத்தன. கப்பலை அவர் கரீபியன் வரை ஓட்டிச்சென்று விட்டுவிட்டார். அதன் மிச்சம் 2007-ல் டொமினிக்கன் குடியரசின் கட்டலினா தீவருகே கண்டுபிடிக்கப்பட்டது. கரையிலிருந்து 20 மீட்டர் சொச்சம் தூரம், 3 மீட்டர் ஆழம். பீரங்கிகள் குவியலாகக் கிடந்தன. 300 ஆண்டுகளாக எல்லோரும் கிட்டின் தங்கத்தைத் தீவு தீவாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், கப்பல் இரண்டு ஆள் ஆழம்கூட இல்லாத கடலில் கிடந்தது. நொபிதாவின் ஊசி அங்கே விழுந்திருந்தால் வரைபடம் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

1998 படத்தின் தீவில் நடப்பது புதையல் விவகாரம் அல்ல. எதிர்காலத்திலிருந்து வந்த மிஸ்டர் கேஷ் என்பவனும் அவனுடைய விஞ்ஞானியும் விலங்குகளை மாற்றியமைத்து விற்கும் ரகசியக் கூடம் அது. ஏன் 17-ம் நூற்றாண்டு? அங்கே அவர்களைத் தேட யாரும் வரமாட்டார்கள் என்பதால். குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டின் செய்தி 1997 பிப்ரவரியில் உலகத்துக்கு வந்தது, படம் 1998 மார்ச்சில். ஜப்பானியப் பிள்ளைகள் செய்தித்தாளில் பார்த்த கவலையே தீவுக்குள் ஒளிந்திருக்கிறது. வில்லன்களின் பெயரை மட்டும் இவ்வளவு பட்டவர்த்தனமாக வைத்திருக்க வேண்டாம்.

2018-ன் 'புதையல் தீவு' வசூலில் பெரிய படம், ஜப்பானில் 537 கோடி யென். ஆண்டுதோறும் வரும் டோரேமான் படத்தொடரில் அதுவரை அதுவே அதிகம். இயக்கம் கசுவாக்கி இமாய், திரைக்கதை கெங்கி கவமுரா. ஸ்டீவன்சனின் 'டிரெஷர் ஐலண்ட்' நாவலில் மயங்கிய நொபிதா புதையல் தீவைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று கிளம்புகிறான். கப்பலுக்குக் குட்டி டோராக்கள் மாலுமிகள், நொபிதா தலையில் கேப்டன் தொப்பி. ஸ்டீவன்சன் நாவலின் கடற்கொள்ளையன் சில்வர் இதில் காலத்தைக் கடந்து கொள்ளையடிக்கும் கப்பலின் தலைவர், அவருடைய மகன் ஃபிளாக். தீவு என்று நினைத்ததே ஒரு கப்பல் என்பதுதான் நல்ல திருப்பம். புதையல் தீவு நகரும் என்றால் வரைபடத்தில் குத்திய ஊசிக்கு மதிப்பில்லை. 1998-ன் தீவு ஒரே இடத்தில் நின்றதால் பிழைத்தவர்களை இந்தப் படம் அந்த இடத்திலேயே மடக்குகிறது.

ஸ்டீவன்சனிடமும் முதலில் பிறந்தது வரைபடம்தான். 1881 கோடையில் ஸ்காட்லாந்தின் பிரேமாரில், மழையில் வீட்டுக்குள் அடைந்துகிடந்தபோது வளர்ப்பு மகனோடு சேர்ந்து ஒரு தீவை வரைந்தார், பிறகு அந்தத் தீவுக்குக் கதை எழுதினார். அச்சகத்துக்கு அனுப்பிய அந்த மூல வரைபடம் தொலைந்தேபோனது. கதையிலிருந்த தூரங்களையும் திசைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவற்றுக்கு ஒத்துப்போகும்படி இன்னொன்று வரைய வேண்டியதாயிற்று. வரைபடத்தை முதலில் வைத்து எழுதும் கதையில் பாத்திரம் எத்தனை மைல் நடந்தது, சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் ஏமாற்ற முடியாது. 2018 படத்தில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். தீவுக்கப்பலுக்குள் எது எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்பது பிடிபடுவதே இல்லை. பூமியின் ஆற்றலை உறிஞ்சும் கட்டம் வரும்போது எண்கள் எல்லாம் காற்றில் போய்விடுகின்றன, கத்தலும் வெளிச்சமும்தான் மிச்சம். 24 மணி நேரம் என்று ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு 1983 செய்ததை இதில் பெரிய பெரிய காட்சிகளை வைத்தும் செய்ய முடியவில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் இடையிலான பகுதி உண்மையாகவே உருக்கமானது. எதிர்காலம் அழிவதைப் பார்த்துவிட்ட தந்தை பூமியைக் கைவிடத் துணிகிறார், மகன் ஒப்பவில்லை. அதற்காகவே பார்க்கலாம்.

மூன்று படங்களிலும் பிள்ளைகள் பணக்காரராகி வீடு திரும்புவதில்லை. ஒழுக்கப் பாடத்துக்காக வைத்தது என்று சொல்லி இதைக் கடந்துவிடக் கூடாது. டோரேமான் உலகத்தில் டைம் பேட்ரோல் என்ற காலக் காவல்படை இருக்கிறது, கடந்த காலத்தை மாற்றுவது குற்றம். 17-ம் நூற்றாண்டிலிருந்து ஒரு பெட்டி தங்கத்தை எடுத்துவந்தால் அது திருட்டு மட்டுமல்ல, வரலாற்றைக் குலைப்பது. நிஜத்திலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. கொலம்பியாவின் கார்த்தஹேனா அருகே 1708-ல் மூழ்கிய 'சான் ஹோசே' 2015-ல் சுமார் 600 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டது. கொலம்பியா, ஸ்பெயின், ஒரு அமெரிக்க நிறுவனம், பொலிவியாவின் பழங்குடி மக்கள் என்று பலரும் அதன்மேல் உரிமை கோரினார்கள். கண்டுபிடிப்பது ஒரு வேலை, கொண்டுவருவது வேறு வேலை.

வீட்டுப் பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் வெளிவந்த வரிசையில் பார்ப்பதே நல்லது: 1983, 1998, 2018. முதல் படத்தில் டோரேமான் விளக்கின் நேரத்தைச் சொல்லும் இடத்தில் நிறுத்தி, ஒரு காகிதத்தில் 24 என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். முகாம் போடுவது, சாப்பிடுவது, தூங்குவது என்று ஒவ்வொரு காட்சிக்கும் தோராயமாக எத்தனை மணி நேரம் போயிருக்கும் என்று பிள்ளைகளே கழித்துக்கொண்டு வரட்டும். ஜியானும் சுனியோவும் வண்டியில் ஏறும்போது மிச்சம் எவ்வளவு என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை அவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஜப்பானிய மொழியில் மூலச் சித்திரக்கதையைத் தேடுபவர்களுக்கு: நெடுங்கதை வரிசையில் அது 4-வது தொகுதி.